தவணையில் டீப் ஃபிரையர்: எண்ணெய்ப் போத்தலையும் கணக்கில் சேருங்கள்

கேள்வி: வீட்டில் நாங்கள் ஐந்து பேர். வெள்ளிக்கிழமை வடை, ஞாயிற்றுக்கிழமை மீன் பொரியல் அல்லது ரோல்ஸ் என்று மாதத்தில் எட்டுத் தரமாவது தாச்சியில் எண்ணெய் வைப்போம். கிளிநொச்சியில் ஒரு கடையில் 3.5 லீற்றர், 2000 வாற்ஸ் டீப் ஃபிரையர் 24,000 ரூபாய். முற்பணம் வேண்டாம், மாதம் 2,600 படி 12 மாதம் கட்டினால் போதும் என்கிறார்கள். 1.5 லீற்றர், 1000 வாற்ஸ் சின்னது 13,500. அது கைக்காசுக்கு மட்டும். காஸ் மிச்சம் வரும் என்று பெரியதைப் பார்க்கிறேன். கரண்ட் மாதம் 54 யூனிற் அளவில் ஓடுகிறது. எடுக்கலாமா?
— வாசகி, விசுவமடு

பதில்: பெரியதை எடுக்காதீர்கள். விலையை விட்டாலும் மூன்று இடத்தில் அது உங்கள் வீட்டுக் கணக்கோடு இடிக்கிறது.

முதலாவது எண்ணெய். இந்த மெசின்களின் உள்ளே இரண்டு கோடு இருக்கும். கீழ்க்கோட்டுக்குக் குறைய எண்ணெய் விட்டுப் போட்டால் சூடாக்கும் கம்பி வெளியே தெரியும். அது அளவுமீறிச் சூடாகி, எண்ணெயே தீப்பிடிக்கலாம். ஆகவே 3.5 லீற்றர் மெசினுக்கு எப்படியும் 3 லீற்றர், அதாவது நாலு போத்தல் தேங்காய் எண்ணெய் வேண்டும். தாச்சிக்கு ஒரு போத்தல் காணும். அதோடு ஞாயிறு மீன் பொரித்த எண்ணெயில் வெள்ளிக்கிழமை விரதத்துக்கு வடை சுடுவீர்களா? மாட்டீர்கள். அப்படியென்றால் மரக்கறிக்கு நாலு, மச்சத்துக்கு நாலு. எட்டுப் போத்தல் காசு குசினியில் முடங்கிக் கிடக்கும். மீன் பொரித்த எண்ணெய் வேறு வேகமாகக் கறுத்து மணக்கத் தொடங்கிவிடும். இரண்டு, மூன்று தரத்துக்கு மேல் அதைப் பாவிக்க மனம் வராது. நாலு போத்தலாகக் கொட்ட வேண்டி வரும். சின்னதில் இதெல்லாம் பாதி.

இரண்டாவது கரண்ட். 3 லீற்றர் எண்ணெயை 180 பாகைக்குக் கொண்டுவரவே கால் யூனிற்றுக்கு மேல் போகும். பிறகு நாற்பது நிமிடம் பொரித்தால், தெர்மோஸ்டாட் விட்டு விட்டு வேலை செய்தாலும், மொத்தம் ஒரு யூனிற் என்று வையுங்கள். எட்டுத் தரத்துக்கு எட்டு; 54 போய் 62 ஆகும். வீட்டுக் கட்டணத்தில் மாதம் 60 யூனிற்றைத் தாண்டினால் மேலதிக இரண்டு யூனிற்றுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முதல் யூனிற்றிலிருந்தே வேறு அட்டவணை, நிலையான கட்டணமும் உயரும். சின்ன மெசின் ஒரு தரத்துக்கு அரை யூனிற்றுக்குச் சற்று மேல் இழுக்கும். 59 அளவில் நிற்பீர்கள். நூலிழைதான், ஆனாலும் இந்தப் பக்கம்.

காஸ் மிச்சம் என்பதில் பெரிய சங்கதி இல்லை. தாச்சியில் நாற்பது நிமிடம் பொரிக்க ஏறத்தாழ 100 கிராம் போகும். மாதம் எட்டுத் தரம் என்றாலும் ஒரு கிலோவுக்குள்தான். 12.5 கிலோ சிலின்டரில் அது எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். இந்த மெசினால் காசு மிஞ்சாது. சூடு ஒரே அளவில் நிற்பதும், பிள்ளைகள் ஓடித் திரியும் குசினியில் தாச்சி கவிழும் பயம் குறைவதும்தான் அதன் பலன். அதற்கு விலை கொடுக்கிறோம் என்று தெரிந்து எடுத்தால் பிழையில்லை.

மூன்றாவது தவணை. 2,600 ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 31,200. வட்டி 7,200, அதாவது 30 சதவீதம் என்று தோன்றும். ஆனால் மாதாமாதம் முதலும் குறைந்துகொண்டு போகிறது. ஆறாம் மாதம் நீங்கள் வைத்திருப்பது 24,000 ரூபாய்க் கடன் அல்ல. அதைச் சேர்த்துப் பார்த்தால் ஆண்டு வட்டி 51 சதவீதத்துக்குக் கிட்ட நிற்கிறது. கிழமைக் கடன் பட்டவர்களுக்கு இந்தக் கணக்கின் உறைப்பு தெரியும். அதே 2,600 ஐ மாதம் ஒதுக்கி வைத்தால் ஐந்து மாதத்தில் 13,000. இன்னும் 500 போட்டால் சின்னது கையில். சீட்டுக் கட்டுகிறீர்கள் என்றால் உங்கள் முறை வரும்வரை பொறுங்கள். நடுவில் கழித்து எடுக்க இது அவசரமான சாமான் இல்லை.

வாங்கப் போகும் முன் வீட்டுப் பிளக்கைப் பாருங்கள். 2000 வாற்ஸ் என்றால் கிட்டத்தட்ட 9 அம்பியர். சதுர ஊசி 13 அம்பியர் பிளக் வேண்டும். சின்னதையும் அதில்தான் போட வேண்டும். நீட்டு வயரில் வேண்டாம். பின்னேரம் மின்குமிழ் மங்குகிற வீடென்றால் இன்னொன்றும் உண்டு. வோல்ற்றேஜ் 230 இலிருந்து 190 க்கு இறங்கினால் சூடாக்கும் வலு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். மாவைப் போட்டதும் எண்ணெய் ஆறி, மீண்டும் சூடேற நேரமெடுக்கும். வடை எண்ணெய் குடிக்கும். பழி மெசினுக்குப் போகும். தண்ணீர் மோட்டர் ஓடாத பகல் நேரத்தில் பொரிப்பதே நல்லது.

கடையில் கழற்றிக் கழுவக்கூடிய எவர்சில்வர் சட்டி உள்ளதைக் கேளுங்கள். சூடாக்கும் கம்பி எண்ணெய்க்குள், அடியிலிருந்து சற்று உயர்ந்து நிற்க வேண்டும். ரோல்ஸில் உதிரும் ரஸ்க் தூள் கம்பிக்குக் கீழே சூடு குறைந்த எண்ணெயில் போய்ப் படியும், கருகாது. கம்பி அடித்தட்டுக்குக் கீழே மறைந்திருந்தால் தூள் அங்கேயே எரிந்து எண்ணெயைக் கறுப்பாக்கும். எயார் ஃபிரையரையும் இதுவென்று காட்டுவார்கள். அதில் உழுந்து மா வழிந்து கம்பித்தட்டில் ஒட்டுமே தவிர வடை வராது.

வடைக்கு வெறும் கூடையை முதலில் எண்ணெய்க்குள் இறக்கிவிட்டு, பிறகு மாவை மெதுவாக வழுக்கி விடுங்கள். கூடையில் மாவை வைத்து இறக்கினால் வலைக்குள் புகுந்து இறுகிவிடும். ஒரு தரத்துக்கு நாலு வடைதான் கொள்ளும். அப்பளத்துக்குத் தாச்சியே வசதி.

பில்லையும், கடை முத்திரை குத்திய உத்தரவாத அட்டையையும் வாங்குங்கள். தெர்மோஸ்டாட் பழுதானால் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ யார் திருத்துவார்கள் என்று பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்றால் வேறு மெசின் பாருங்கள். எடுத்த பிறகு முதல் இரண்டு தரமும் பொரிக்கத் தொடங்கும்போதும் முடித்ததும் மீற்றரைக் குறித்து வையுங்கள். ஒரு தரத்துக்கு முக்கால் யூனிற்றைத் தாண்டினால் மாதம் ஆறு தரத்தோடு நிறுத்துங்கள். மிச்சம் இரண்டையும் தாச்சி பார்த்துக்கொள்ளும்.