தென்னாப்பிரிக்காவில் முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கான கல்வி உதவி: எதைத் தேர்ந்தெடுப்பது?

1980களில் டர்பன் சாலிஸ்பரி தீவில் இந்தியப் படைப்பிரிவில் பணியாற்றினேன். பழைய அரசின் படையில் இருந்தவனுக்கும் இந்த உதவி உண்டா? (சாட்ஸ்வொர்த் வாசகர்)

உண்டு, ஐயா. 2011ஆம் ஆண்டின் முன்னாள் படைவீரர் சட்டம், 1960 முதல் 1994 வரையிலான நிறவெறி எதிர்ப்புப் போராட்டக் காலத்தில் அரசுப் படையில் இருந்தவர்களையும், உம்கொண்டோ வெ சிஸ்வே (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் ஆயுதப் பிரிவு) போன்ற விடுதலைப் படைகளில் இருந்தவர்களையும் ஒரே வரையறைக்குள் வைத்திருக்கிறது. நீங்கள் தென்னாப்பிரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். படைப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். ஒழுங்கீனத்திற்காக நீக்கப்பட்டவராக இருக்கக் கூடாது.

அரசின் முன்னாள் படைவீரர் துறையின் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். என்னிடம் வந்த பெரியவர் ஒருவர் தமது படைப்பணி விடுவிப்புச் சான்றிதழை நான்காக மடித்து ரொட்டிப் பையில் வைத்திருந்தார். மடிப்பு விழுந்த இடத்தில் படை எண் முழுவதும் அழிந்துபோயிருந்தது. உங்கள் தாளை இன்றே நகலெடுத்துச் சான்றொப்பம் வாங்கி வையுங்கள்.

என் மகள் வரும் ஆண்டு குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் சேரவிருக்கிறாள். என்எஸ்ஃபாஸ் (அரசின் தேசிய மாணவர் நிதி உதவித் திட்டம்) உதவியா, படைவீரர் துறையின் உதவியா, எது நல்லது? (மெரிபேங்க் வாசகர்)

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3,50,000 ரேண்டைத் தாண்டவில்லை என்றால் என்எஸ்ஃபாஸையே முதலில் நாடுங்கள் என்பதுதான் என் கருத்து. அரசுப் பல்கலைக்கழகத்திலோ டிவெட் எனப்படும் தொழிற்கல்விக் கல்லூரியிலோ முதல் பட்டமோ சான்றிதழோ படிப்பவருக்கு அது கட்டணத்தோடு தங்குமிடம், புத்தகம், அன்றாடச் செலவு ஆகியவற்றுக்கும் உரிய வரம்புக்குள் பணம் தருகிறது. 2018 முதல் அதைக் கடனாகத் திருப்பிச் செலுத்த வேண்டியதும் இல்லை. ஆனால் படிப்புக்குரிய காலமும் அதற்குமேல் ஓராண்டும்தான் அந்த உதவி கிடைக்கும். மூன்றாண்டுப் பட்டத்தை ஐந்தாம் ஆண்டுக்கு இழுத்தால் பணம் நின்றுவிடும்.

படைவீரர் துறையின் உதவிக்கு அடிப்படை உங்கள் சேவையே. அதனால் அதற்கும் விண்ணப்பித்து வையுங்கள். இரண்டில் ஒன்று தாமதமானாலும் மற்றொன்று கைகொடுக்கும். துறையிலிருந்து கட்டணம் நேரத்தில் போய்ச் சேராமல் மாணவர்கள் தவித்த கதை நாடாளுமன்றக் குழுவில்கூடப் பேசப்பட்டது என்பதை நினைக்கும்போது, பிப்ரவரியில் வகுப்பு தொடங்கும் பிள்ளையை ஒரே வழியை நம்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இரண்டும் கிடைத்துவிட்டால் இரு தரப்புக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ஒரே கட்டணத்திற்கு இருமுறை பணம் பெற்றால், பின்னாளில் அதைத் திருப்பிக் கட்டும் சுமை மகளின் தலையில் விழும்.

கணவர் படைவீரர், காலமாகிவிட்டார். மகனின் பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு 20,000 ரேண்ட். என் ஒருத்தியின் வருமானம் 1,80,000 ரேண்ட். (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி)

கணவர் மறைந்ததால் பிள்ளையின் உரிமை மறைந்துவிடாது, அம்மா. சட்டம் படைவீரரைச் சார்ந்திருந்தவர்களையும் கருத்தில் கொள்கிறது. ஆனால் துறையின் உதவிக்காகக் காத்திருக்கும் வேளையில், அரசுப் பள்ளியானால் கட்டண விலக்குக் கோரலாம். கட்டணம் பெற்றோரின் மொத்த ஆண்டு வருமானத்தில் 10 விழுக்காடு அல்லது அதற்கு மேல் வந்தால் முழு விலக்கு உண்டு. உங்கள் கணக்கில் அது 11 விழுக்காட்டைத் தாண்டுகிறது. பள்ளி நிர்வாகக் குழுவிடம் விண்ணப்பம் கொடுங்கள். கூச்சப்பட வேண்டாம், இது யாரும் போடும் பிச்சை அன்று. கட்டணம் பாக்கி என்பதற்காகப் பிள்ளையை வகுப்பிலிருந்து விலக்கவும் பள்ளிக்கு அதிகாரம் இல்லை.

எனக்கு 58 வயது. நானே படிக்கலாமா? (ஃபீனிக்ஸ் வாசகர்)

தாராளமாக. சட்டம் சொல்லும் கல்வியும் தொழிற்பயிற்சியும் முதலில் படைவீரருக்கே உரியவை. படையில் வாகனப் பழுது, மின்வேலை போன்றவற்றைக் கற்றிருந்தால், முன்கற்றல் அங்கீகாரம் (ஏற்கெனவே கற்றதைப் படிப்பில் கணக்கில் கொள்வது) தருமாறு கல்லூரியிடம் முதலில் கேளுங்கள். தெரிந்த பாடத்திற்கு மீண்டும் ஓராண்டைச் செலவிட வேண்டியிராது. துறை உங்கள் விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். அச்சட்டத்தின்படி அமைந்த மேல்முறையீட்டு வாரியத்திடம் செல்ல அந்தத் தாள் வேண்டும்.