வேதாளரின் பிறப்புக்கதை எத்தனை? கேள்வி பதில்

ரோஸ்ஹில் வாசகர்: அண்ணா, முகமூடி வீரர் வேதாளர் (ஆங்கிலத்தில் ஃபாண்டம்) பற்றிய படக்கதைகளில் ஒரு குழப்பம். பிரெஞ்சுப் புத்தகத்தில் அவர் 'வங்காளத்து வேதாளர்'. இந்தியாவின் இந்திரஜால் காமிக்ஸ் புத்தகத்தில் டெங்காலிக் காடு. ஆங்கிலத்தில் பங்கல்லா. எது சரி?

மூன்றும் ஒரே காடு. வேதாளரை உருவாக்கிய எழுத்தாளர் லீ ஃபால்க் 1936 பிப்ரவரி 17 அன்று தொடரைத் தொடங்கினார். அந்த ஆரம்பக் கதைகளில் வங்காளத்தை நினைவூட்டும் பெயரும் 'சிங்' கடற்கொள்ளையரும் புலிகளும் உண்டு. பிரெஞ்சுத் தலைப்பு அந்தக் காலத்துப் பெயரைப் பிடித்துக்கொண்டது, பிறகு விடவே இல்லை. 1960களில் பங்கல்லா ஆப்பிரிக்கக் குடியரசாகி, லுவாகா என்ற ஜனாதிபதியும் வந்துவிட்டார். 1964இல் வெளிவரத் தொடங்கிய இந்திரஜால், இந்திய வாசகர்களுக்காகக் காட்டை டெங்காலி ஆக்கியது, சிங்கைச் சிங்கா ஆக்கியது. ஆகவே பெயரை மட்டும் வைத்து இடத்தை முடிவு செய்யாதீர்கள். அந்தக் கதை முதலில் அச்சான ஆண்டைப் பாருங்கள்.

திரியோலே வாசகர்: புலி இருந்தால் அது இந்தியாதான். ஆப்பிரிக்கக் காட்டில் ஏது புலி?

போர்ட் லூயி வாசகர்: லுவாகா என்பது ஆப்பிரிக்கப் பெயர்தானே? புலியைக் காட்டி நாட்டை மாற்ற முடியுமா?

இரண்டு பேரும் சரி, அவரவர் பத்தாண்டுக்கு. திரியோலே தம்பி கையில் இருப்பது பழைய கதை, போர்ட் லூயி தம்பி கையில் இருப்பது 1960களுக்குப் பிந்தியது. இரண்டையும் ஒட்டி ஒரே வரைபடம் போட முயன்றால்தான் சண்டை வரும். ஃபால்க் பழைய கதையை ரத்து செய்யவில்லை, அதன்மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போனார். ஒரே நாடாக்கப் பார்ப்பது எனக்குப் பிடிக்காத வேலை. அதில் முதலில் தொலைவது பழைய கதைதான்.

குவாத்ர் போர்ன் வாசகி: முதல் வேதாளர் எந்த ஆண்டில் உறுதிமொழி எடுத்தார்? என் கணக்கில் 1585 வருகிறது.

உங்கள் புத்தகம் 1985இல் அச்சானதா அம்மா? 'நானூறு ஆண்டுகளுக்கு முன்' என்ற வரி எந்தப் பதிப்பிலும் அப்படியே இருக்கும். அச்சான ஆண்டிலிருந்து 400ஐக் கழித்தால் பதிப்புக்கு ஒரு ஆண்டு கிடைக்கும். தொடர் தொடங்கிய 1936இலிருந்து கழியுங்கள்: 1536. கப்பலைக் கொள்ளையர் தாக்கித் தந்தையைக் கொன்றதும், கரையொதுங்கிய மகன் கொலைகாரனின் மண்டையோட்டின்மேல் சத்தியம் செய்ததும் அந்த ஆண்டில்தான்.

தந்தைக்குப் பின் மகன் என்று முகமூடி கைமாறி வருகிறது, இப்போதுள்ளவர் 21ஆவது வேதாளர். 1936க்குள் 20 கைமாற்றம், 400 ஆண்டு, ஆக ஒருவருக்குச் சராசரி 20 ஆண்டு. குறைவுதான், ஆனால் இளவயதில் சாகும் குடும்பத்துக்குப் பொருந்துகிறது.

போ பாசென் வாசகர்: முதல் கதையில் வேதாளர் உண்மையில் ஜிம்மி வெல்ஸ் என்கிறான் என் நண்பன்.

நண்பர் நன்றாகப் படித்திருக்கிறார். ஜிம்மி வெல்ஸ் பணக்கார உல்லாசி, வேதாளரின் காதலி டயானாவின் தோழன். முகமூடிக்குள் இருப்பது அவன்தான் என்று காட்டவே ஃபால்க் முதலில் நினைத்திருந்தார். பாதிக் கதையில் மனம் மாறி, வேதாளரைக் காட்டுக்குக் கொண்டுபோய் பரம்பரைக் கதையைச் சொன்னார். ஜிம்மி வேதாளராகவே இல்லை. ஆனால் முதல் வாரங்களின் சில கட்டங்கள் இன்னும் அவனையே சுட்டுகின்றன. அது பிழையல்ல, எழுத்தாளர் மனம் மாறிய தடம். தயவுசெய்து அதை விட்டுவிட்டு மறுபதிப்பு போடாதீர்கள்.

வாக்வா வாசகர்: உடை ஊதாவா, சிவப்பா?

ஃபால்க் மனதில் சாம்பல். 1939 மே மாதம் தொடங்கிய ஞாயிறு வண்ணப் பக்கத்தில் ஊதா ஆயிற்று. இத்தாலியில் சிவப்பு, சுவீடனில் நீலம்.

மாஹெபூர் வாசகர்: மாயாவியும் இவரும் ஒருவரா?

மூன்றாவது முறை சொல்கிறேன்: ராணி காமிக்ஸ் 'மாயாவி' வேதாளர்தான். முத்து காமிக்ஸின் 'இரும்புக்கை மாயாவி' வேறு ஆள்: லூயிஸ் கிராண்டெல், 1962இல் வந்த பிரிட்டிஷ் கதை, மின்சாரம் பட்டால் மறைபவர்.

ரோஸ்ஹில் வாசகர்: எங்கிருந்து தொடங்குவது?

1936இன் கறுப்பு வெள்ளை நாளிதழ்ப் பட்டைகளிலிருந்து. கட்டத்தின் ஓரத்தில் மாதமும் நாளும் சிறிதாக இருக்கும். புத்தக அளவுக்குக் கட்டங்களை வெட்டி அடுக்கும்போது முதலில் போவது அந்தத் தேதிதான். வாங்குமுன் ஒரு பக்கத்தைத் திறந்து அது இருக்கிறதா என்று பாருங்கள்.