நாற்பது யூனிட்டுக்கு 571 ரூபாய்

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமத்தில் ஓட்டு வீடு. ஏ.சி. கிடையாது. 480 யூனிட்டைத் தாண்டாத கரண்ட் பில் இந்த முறை 540 ஆகிவிட்டது. பன்னிரண்டு வருடத்து ஃபிரிட்ஜை மாற்றிவிடலாமா? அடிபம்போடு சேர்த்துப் போட்ட 1 எச்.பி. மோட்டாரும் இப்போது தொட்டி நிரப்ப ஒன்றரை மணி நேரம் எடுக்கிறது. முன்பு அரை மணிதான்.

பதில்: கடைசி வரியில் போகிற போக்கில் சொன்னீர்களே, அந்த மோட்டார்தான் முதல் சந்தேகம். 1 எச்.பி. மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடினால் இரண்டு மாதத்தில் 60 யூனிட். உங்கள் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

500ஐத் தாண்டியதுதான் வினை. 2024 ஜூலை கட்டணப்படி 500 வரை பயன்படுத்துவோருக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட் 2.35 ரூபாய். 501 ஆனதும் அதே யூனிட்டுகள் 4.70 ஆகிவிடும். 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய், 540க்கு 2,376. கூடுதல் 40 யூனிட்டின் விலை 571 ரூபாய்!

கோடையில் ஆறு வறண்டு நிலத்தடி நீர் இறங்கினால், தரையில் இருக்கும் மோட்டார் திணறத்தான் செய்யும். மேட்டூர் திறந்து பாமணியாற்றில் தண்ணீர் வந்த பிறகும் ஒன்றரை மணி நேரமே ஆனால் கோளாறு மோட்டாரிலோ குழாயிலோதான். அடிபம்பில் குழாய் சேரும் இடத்தில் காற்று இழுக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் வாஷர் செலவோடு முடிந்துவிடும். இல்லையென்றால் மோட்டாரைப் பிரித்து, உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரைப் பார்க்கச் சொல்லுங்கள். நம் பக்கத்து மணல் அதை அரித்துவிடும்.

ரீடிங் எடுத்த முப்பதாவது நாள் நீங்களே மீட்டரைப் பாருங்கள். அதுவரை ஓடியது 250 யூனிட்டைத் தாண்டியிருந்தால் அடுத்த மாதம் கையைப் பிடிக்க வேண்டும்.

காசு செலவழித்தே ஆகவேண்டும் என்றால், அதிக நேரம் ஓடும் ஒரு மின்விசிறியை மட்டும், குறைந்த கரண்டில் ஓடும் பி.எல்.டி.சி. வகைக்கு மாற்றுங்கள். பழையது 75 வாட், இது 30 வாட் அளவில் ஓடும். தினம் 15 மணி நேரம் என்றால் பில்லுக்கு 40 யூனிட் மிச்சம்.

ஃபிரிட்ஜ் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்றுங்கள், ஃபிரிட்ஜை அல்ல.