ஒரு கால பூஜை

அன்புள்ள ஐயா,

எனக்கு 34 வயது. சென்னையில் பதினொரு வருடம் மென்பொருள் கம்பெனியில் இருந்தேன். போன ஆண்டு வேலையை விட்டுவிட்டுத் திருநெல்வேலிக்கே வந்துவிட்டேன். ஜெர்மனியில் இருக்கும் இரண்டு வாடிக்கையாளர்களுக்கு வீட்டிலிருந்தே இணையதள வேலை செய்து கொடுக்கிறேன். பணத்துக்குக் குறையில்லை. நாள்தான் கையில் நிற்க மாட்டேன் என்கிறது. எழுந்திருக்கவே பத்து மணி ஆகிறது. அம்மா போட்டு வைத்த காபி ஆறி, ஆடை படிந்து கிடக்கும். இரவு இரண்டு வரை போன். நடை, தியானம், படிப்பு என்று ஐந்து முறை அட்டவணை போட்டேன். ஒன்றுகூட நாலு நாளைத் தாண்டவில்லை. 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, எனக்கு மட்டும் மன உறுதி இல்லையா? நீங்கள் தினமும் எழுதுகிறீர்கள், எப்படி?

கே., திருநெல்வேலி

அன்புள்ள கே.,

முதலில் ஒரு திருத்தம். நான் தினமும் எழுதுவதில்லை. வாரத்தில் நாலு நாள், நன்றாகப் போனால் ஐந்து.

மன உறுதி இல்லை என்கிறீர்கள். பதினொரு வருடம் நேரத்துக்கு ஆபீஸ் போனது யார்? இதே ஆள்தானே. அங்கே கம்பெனி பஸ் தெருமுனையில் வந்து நின்றது, காலை மீட்டிங் இருந்தது, வராவிட்டால் கேட்க ஒரு மேனேஜர் இருந்தார். வேலையை விட்டபோது சம்பளத்தோடு இவையும் போய்விட்டன. சம்பளத்துக்கு மாற்று ஏற்பாடு செய்துகொண்டீர்கள், இவற்றுக்குச் செய்யவில்லை. ஜெர்மனியில் ஒருவர் காலை ஒன்பதுக்கு மேசையில் வந்து உட்காரும்போது உங்களுக்குப் பன்னிரண்டரையோ ஒன்றரையோ ஆகியிருக்கும். அதுவரை உங்களை உலகத்தில் யாரும் தேடுவதில்லை. பிறகு எதற்காக எழுந்திருப்பது?

நான் வளர்ந்த ஊரில் மில் சங்கு உண்டு. ஷிப்டு மாறும்போது ஊதும். மில்லுக்குச் சம்பந்தமே இல்லாதவர்களும் அதை வைத்துத்தான் நாளை ஓட்டினார்கள். ‘சங்கு ஊதியாச்சு, இன்னும் உலை வைக்கலையா’ என்று பாட்டி அடுக்களையைப் பார்த்துச் சத்தம் போடுவாள். எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தைத் திருத்தி வைத்ததே சங்கைக் கேட்டுத்தான். அந்தக் காலத்து மனிதர்களின் கட்டுப்பாட்டைப் பற்றி யாராவது உருகினால் எனக்குச் சிரிப்பு வரும். ஊர் எழுப்பியது, எழுந்தார்கள்.

நானும் விழுந்தவன்தான். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்த முதல் வாரம், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நாலு கலர் பேனாவில் ஒரு அட்டவணை தயாரித்தேன். அதற்கே ஒரு முழு நாள் போயிற்று. பார்க்க அவ்வளவு அழகு. அந்தத் திருப்தியில் மறுநாள் தூங்கிவிட்டேன். உங்கள் ஐந்து அட்டவணைகளையும் நான் பார்க்கவில்லை, ஆனால் என்னுடையதில் இருந்த குறை அவற்றிலும் இருக்கும் என்று நினைக்கிறேன்: அதில் என்னைத் தவிர வேறு ஆளே கிடையாது.

ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிராலப்பை எழுத்தாளர்களுக்கு உதாரணமாகக் காட்டுவார்கள். பல ஆண்டுகள் தபால் துறையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதியவர், மொத்தம் 47 நாவல். காலை ஐந்தரைக்கு மேசைக்கு வந்துவிடுவார். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொல். இதோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர் இறந்த பிறகு 1883-ல் வெளிவந்த சுயசரிதையில் இன்னொருவரும் வருகிறார், வயதான குதிரைக்காரர். டிராலப்பை எழுப்பிக் காபி கொடுப்பது அவர் வேலை, அதற்கென்று வருடத்துக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம். என் வெற்றிக்கு வேறு யாரையும்விட இவருக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேனோ என்னவோ என்கிற தொனியில் டிராலப்பே எழுதியிருக்கிறார்.

அச்சகம் நடத்திய அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளினின் தினசரி அட்டவணையும் போனில் உங்களுக்கு வந்திருக்கும். ஐந்துக்கு எழு, பத்துக்குப் படு. அவர் பழகிக்கொள்ள முயன்ற 13 குணங்களில் ஒழுங்குதான் தன்னை அதிகம் படுத்தியது என்று அவரே ஒப்புக்கொண்டதை யாரும் படம் போட்டு அனுப்புவதில்லை. தன் நேரம் தன் கையில் இருக்கும் அச்சகத் தொழிலாளிக்கு அந்த அட்டவணை ஒத்துவரலாம், நாலு பேர் வந்துபோகும் முதலாளிக்குக் கஷ்டம் என்கிறார்.

சரி, 21 நாள். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை சிகிச்சைக்குப் பிறகு புது முகம் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது மூன்று வாரம் ஆகிறது என்று 1960-ல் எழுதினார். ‘குறைந்தது’ என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. லண்டனில் 96 பேரை வைத்துச் செய்து 2010-ல் வெளியான ஆய்வில், ஒரு சின்னப் பழக்கம் படிய 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது. நடுவாந்திரம் 66. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிதாக எதுவும் கெடவில்லை. அவர்களும் நடை, தியானம், படிப்பு என்று மூட்டையாகத் தூக்கவில்லை. ஒரே ஒரு காரியம், தினமும் இன்னதற்கு அப்புறம் என்று கட்டிவைத்தது. நாலாம் நாள் தவறியதும் நீங்கள் அட்டவணையையே கிழித்துவிடுகிறீர்கள், ஐந்தாம் நாள் என்று ஒன்று இருக்கிறது.

உங்கள் ஊரில் நெல்லையப்பர் இருக்கிறார். பெரிய சிவன் கோயில்களில் உஷக்காலம் தொடங்கி அர்த்தஜாமம் வரை ஆறு கால பூஜை. அதற்குக் குருக்கள் வேண்டும், மடைப்பள்ளி வேண்டும், எண்ணெயும் பூவும் கொண்டுவர ஆள் வேண்டும், மணி அடிக்க ஒருவர் வேண்டும். வருமானம் இல்லாத கிராமத்துக் கோயில்களில் இது நடக்குமா? அதற்குத்தான் அறநிலையத் துறையில் ‘ஒரு கால பூஜைத் திட்டம்’ என்றே ஒன்று வைத்திருக்கிறார்கள். 17,000-க்கும் மேற்பட்ட கோயில்கள் அதில் ஓடுகின்றன. ஒரு வேளை நடை திறக்கும், விளக்கு எரியும். நீங்கள் மடைப்பள்ளியே இல்லாமல் ஆறு காலத்துக்கு ஆசைப்படுகிறீர்கள்.

உங்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டுக்குப் பால்காரர் எத்தனை மணிக்கு வருகிறார்? ஆறரை என்றால் ஆறரை. பால் வாங்குவதும் அம்மாவுக்கு முதல் காபி போட்டுக் கொடுப்பதும் இனி என் வேலை என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் எழாவிட்டால் அம்மாவுக்குக் காபி கிடையாது. முதல் வாரம், பிள்ளை தூங்கட்டும் என்று அவரே போய் வாங்கிவிடப் பார்ப்பார். அப்படிச் செய்ய மாட்டேன் என்று முன்கூட்டியே சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு நடப்பீர்களோ படிப்பீர்களோ, அதை மூன்று மாதம் கழித்து யோசிக்கலாம். இரவு போனைப் பற்றியும் இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம், ஆறரைக்கு எழுந்தவனுக்குப் பதினொன்றுக்கே கண் சொக்கும்.

டிகாக்‌ஷனை மட்டும் ராத்திரியே இறக்கி வைத்துவிடுங்கள். காலையில் பில்டர் சொட்டக் காத்திருந்தால், திரும்பப் போய்ப் படுத்துவிடுவீர்கள்.