கணைய ஆபரேஷனுக்குப் பின் டிரெயின் குழாய் கட்டாயமா?

பெங்களூரில் அப்பாவுக்கு விப்பிள் ஆபரேஷன் முடிந்து, வயிற்றுக்குள் சேரும் நீரை வெளியே எடுக்கும் டிரெயின் குழாய்கள் இரண்டு, பக்கத்து பெட்காரருக்கும் கணைய ஆபரேஷன்தான், ஆனால் குழாயே இல்லை, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எந்தப் பகுதியை எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. விப்பிளில் தலைப்பகுதியை எடுத்துவிட்டு, மிச்சக் கணையத்தைக் குடலோடு தைக்கிறார்கள். அந்தத் தையல் கசிந்தால் செரிமான நீர் வயிற்றுக்குள் தேங்கிச் சீழ் பிடிக்கும், ரத்தக்குழாயையே அரித்துவிடும். கணையம் மிருதுவாகவும் அதன் நாளம் 3 மி.மீ.க்குக் குறுகலாகவும் இருந்தால் அபாயம் அதிகம். விப்பிளுக்குக் குழாய் வைக்காமல் பார்த்த அமெரிக்க ஆய்வு, அந்தப் பிரிவில் மரணங்கள் கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டது. முடிவு 2014இல் வெளியானது. வால்பகுதியை மட்டும் எடுத்தால் கதை வேறு. 2024இல் வெளிவந்த நெதர்லாந்து–இத்தாலி ஆய்வில், குழாய் இல்லாதவர்களுக்குப் பெரிய சிக்கல்கள் கூடவில்லை.

அதற்காகத் தேவையில்லாமல் நாள்கணக்கில் விட்டுவைப்பதும் சரியல்ல. குழாய் வழியே கிருமி ஏறும். டிரெயின் நீரில் அமைலேஸ் (கணையம் சுரக்கும் செரிமான நொதி, கசிவு இருந்தால் கூடும்) எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள். முதல் நாளில் லிட்டருக்கு 5000 யூனிட்டுக்குள் இருந்தால், 3ஆம் நாளே எடுப்பது பல இடங்களில் வழக்கம். கசிவு இருந்தால் குழாயோடே வீட்டுக்கு அனுப்புவார்கள்.

அப்படி அனுப்பினால், தினமும் ஒரே நேரத்தில் அளந்து மில்லி கணக்கையும் நிறத்தையும் நோட்டில் எழுதுங்கள். குழாயின் நுனியில் அமுக்கும் பல்பு உள்ள வகை என்றால், காலி செய்ததும் அமுக்கியபடியே மூடுங்கள், இல்லாவிட்டால் உறிஞ்சாது. கலங்கலாகவோ பச்சையாகவோ வந்தாலும், காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். புது ரத்தம் கொஞ்சமாக வந்து நின்றுவிட்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெரிய ரத்தப்போக்குக்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம். உடனே ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சிக்குப் போங்கள்.