லஞ்ச் மேஜையில் ஈராக் போர்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். ஓஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகருக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது என்கிறீர்கள். போன வாரம் மதியச் சாப்பாட்டு மேஜையில் பழைய அதிபர்களைப் பற்றிப் பேச்சு வந்து, அது ஜார்ஜ் புஷ்ஷிடம் போய் நின்றிருக்கிறது. எதிரே இருந்த சீனியர் ஒருவர் அவரை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார். நாமும் சேர்ந்துகொள்வோமே என்று நீங்கள், "ஈராக் போரே பொய்தானே, எல்லாம் வீணாகப் போன உயிர்கள்" என்று சொல்ல, மனிதர் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவரே 2005-ல் ஈராக்கில் இருந்தவர் என்பது அப்புறம்தான் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. "அவர் சொன்னதைத்தானே அண்ணா நானும் சொன்னேன்? எச்1பி வேலை விசாவில் இருக்கிறவன் இதையெல்லாம் பேசவே கூடாதா?" என்று கேட்கிறீர்கள்.

விசா விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன், அது சின்னது. மற்றதில் நானும் அடி வாங்கியவன். அதுவும் இதே ஊரில், இதே வார்த்தைக்கு.

நான் வந்தது 2001 ஜனவரியில். எட்டு மாதத்தில் இரட்டைக் கோபுரம் விழுந்தது. நாலாம் நாள் அரிசோனாவின் மேசா நகரில், பெட்ரோல் பங்க் வைத்திருந்த சீக்கியர் ஒருவரைத் தலைப்பாகையைப் பார்த்து அரபுக்காரர் என்று நினைத்துச் சுட்டுக் கொன்றுவிட்டான் ஒருவன். அந்த வாரமே ஒரு கடையில் குட்டிக் கொடி வாங்கி என் கார் ஜன்னலில் செருகினேன். தேசபக்தி என்று சொல்ல ஆசைதான், ஆனால் பயம். அந்த மாதம் கேலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் புஷ்ஷுக்கு 90 சதவீத ஆதரவு. அவர்கள் கணக்கெடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து எந்த அதிபருக்கும் அதற்கு மேல் கிடைத்ததில்லை.

ஈராக் பேச்சு சூடு பிடித்தது அடுத்த வருடம். 2002 அக்டோபர் 7 அன்று, இங்கிருந்து நூறு மைல் சொச்சம் தள்ளியிருக்கும் சின்சினாட்டியில்தான் புஷ் அந்தப் பெரிய உரையை நிகழ்த்தினார். சதாம் உசேனிடம் ரசாயன ஆயுதம் இருக்கிறது, உயிரியல் ஆயுதம் இருக்கிறது, அணு ஆயுதத்துக்கும் முயல்கிறார். அசைக்க முடியாத சாட்சி வரட்டும் என்று காத்திருந்தால் அந்தச் சாட்சியே அணுகுண்டுப் புகையாக வந்து நிற்கும் என்றார். நாலே நாளில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் இரண்டு அவைகளும் போருக்கு அனுமதி கொடுத்துவிட்டன. கீழவையில் 296-133, செனட்டில் 77-23. 2003 மார்ச்சில் குண்டு விழ ஆரம்பித்தபோது பத்துப் பேரில் ஏழு பேர் போருக்கு ஆதரவு.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், இன்றைக்கு நீங்கள் ஆபீஸில் யாரைக் கேட்டாலும் "நான் அப்போதே வேண்டாம் என்றேன்" என்பார்கள். அந்த ஏழு பேர் எங்கே போனார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. எதிர்ப்பே இல்லை என்று சொல்லவில்லை. 2003 பிப்ரவரி 15 அன்று நியூயார்க்கில் பெருங்கூட்டம் திரண்டது. எங்கள் ஓஹையோவிலேயே கிளீவ்லாந்துப் பக்கத்து எம்.பி. டென்னிஸ் குசினிச் தொண்டை கிழியக் கத்தினார். ஆனால் நான் வேலை பார்த்த தளத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. பிரான்ஸ் போரை எதிர்த்தது என்பதற்காக நாடாளுமன்ற கேன்டீனில் 'பிரெஞ்சு ஃப்ரைஸ்' என்ற பெயரை 'ஃப்ரீடம் ஃப்ரைஸ்' என்று மாற்றினார்கள். உருளைக்கிழங்குக்கு வந்த வாழ்வு. டிக்ஸி சிக்ஸ் என்று ஒரு பாடகிகள் குழு, டெக்சாஸ்காரிகள். லண்டன் மேடையில் அவர்களில் ஒருவர், இந்த அதிபர் எங்கள் டெக்சாஸ்காரர் என்பதில் எங்களுக்கு வெட்கம் என்று ஒரு வரி சொன்னார். அவ்வளவுதான். ரேடியோக்கள் பாட்டை நிறுத்தின, லூசியானாவில் அவர்கள் சி.டி.க்களைக் கொட்டி டிராக்டர் ஏற்றினார்கள். அதே குழுவுக்கு 2007-ல் ஐந்து கிராமி விருது கொடுத்ததும் இதே நாடுதான்.

இடையில் ஒரு நாள் மேனேஜர், "உங்கள் நாடு படை அனுப்புமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பித்தேன். 2003 ஏப்ரலில் நம் மக்களவை ஒரு தீர்மானம் போட்டிருந்தது. கண்டனம் என்று எழுதுவதா, வருத்தம் என்று எழுதுவதா என்று கட்சிகளுக்குள் இழுபறி. கடைசியில் 'நிந்தா' என்ற இந்திச் சொல்லைப் போட்டு, ஆளாளுக்கு வேண்டிய அர்த்தத்தை எடுத்துக்கொண்டார்கள். ஜூலையில் படை இல்லை என்று டெல்லி சொல்லிவிட்டது. மேனேஜர் அதற்குள் அந்தக் கேள்வியை மறந்திருந்தார்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கழன்றது. ஆயுதம் எதுவும் கிடைக்கவில்லை. 2004 வசந்தத்தில், அபு கிரைப் சிறையில் ஈராக்கியக் கைதிகளை அமெரிக்க வீரர்கள் வதைத்த படங்கள் வந்தன. இருந்தும் அந்த நவம்பரில் புஷ் ஜெயித்தார், அதுவும் நம் ஓஹையோ தயவில். இங்கே வித்தியாசம் ஏறத்தாழ 1,18,000 ஓட்டு, அது மட்டும் மாறியிருந்தால் எதிர்த்து நின்ற ஜான் கெரி அதிபர். நான் அன்று ஓட்டுப் போட முடியாதவனாக, மழையில் வரிசையில் நின்றவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு போனேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு அம்மா. பள்ளிக்கூட சாப்பாட்டுக் கூடத்தில் வேலை. மகன் நேஷனல் கார்ட் என்ற பகுதிநேரப் படையில் சேர்ந்து ஈராக் போயிருந்தான். வாசல் ஜன்னலில் சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் துணியில் ஒரே ஒரு நீல நட்சத்திரம் தொங்கும். வீட்டில் ஒருவர் படையில் இருக்கிறார் என்று அர்த்தம். அவர் இறந்துவிட்டால் நட்சத்திரம் தங்க நிறத்துக்கு மாறும். முதலில் எனக்கு அது தெரியாது, ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

2005 ஆகஸ்ட் 3 அன்று ஈராக்கில் ஹதீதா பக்கத்தில் சாலையோரக் குண்டு வெடித்து ஒரே வண்டியில் மரைன் படை வீரர்கள் 14 பேர் இறந்தார்கள். பலர் லிமா கம்பெனியைச் சேர்ந்தவர்கள். கொலம்பஸில் இருந்து போன ரிசர்வ் பிரிவு அது. வாரத்தில் ஐந்து நாள் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த பையன்கள். அந்த ஒரு பயணத்தில் லிமா கம்பெனி இழந்தது மொத்தம் 23 பேர். ஊரே அரைக்கம்பத்தில் இருந்தது.

அந்த வாரம் சனிக்கிழமை அந்த அம்மா காரேஜில் உட்கார்ந்து மகனுக்கு பார்சல் கட்டிக்கொண்டிருந்தார். குழந்தைகளுக்குத் துடைக்கிற ஈரத் துடைப்பான் பாக்கெட்டுகள், காலுறை, காய்ந்த மாட்டிறைச்சித் துண்டுகள். ஈரத் துடைப்பான் எதற்கு என்று கேட்டேன். மணல், குளிக்கத் தண்ணீர் கிடையாது என்றார். நான் பெட்டியை அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவர் டேப் ஒட்டினார். ஒட்டிக்கொண்டே புஷ்ஷைத் திட்ட ஆரம்பித்தார். ஆயுதம் இருக்கிறது என்றார், எங்கே? பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், அந்த ஆள் டெக்சாஸ் பண்ணையில் விடுமுறையில் இருக்கிறான். நான் அச்சில் போட முடியாத சில சொற்களும் உண்டு. நாலு வருடமாகப் பயந்து பயந்து வாயை மூடியிருந்தவன் நான். இவரே பேசுகிறாரே என்று தைரியம் வந்து, "ஆமாம், இத்தனை பையன்கள் வீணாகச் செத்ததுதான் மிச்சம்" என்றேன்.

டேப் இழுக்கும் சத்தம் நின்றது. என்னைப் பார்க்காமல், "என் பையன் அங்கே இருக்கிறான்" என்றார். பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் இரண்டு வாரம் வாசலில் பார்த்தால் கை அசைக்கவில்லை.

ராத்திரி யோசித்தபோதுதான் எங்கள் ஊர் சாவு வீடு ஒன்று ஞாபகம் வந்தது. குடித்தே செத்த ஒரு மாமாவை அத்தை தலையில் அடித்துக்கொண்டு, "பாவி, என்னை இப்படி விட்டுட்டுப் போயிட்டியே, உருப்படுவியா நீ" என்று திட்டுவார். சுற்றி இருக்கிறவர்கள் யாரும் "ஆமாம், உருப்படாத ஆள்தான்" என்று ஒத்து ஊத மாட்டார்கள். அத்தை திட்டுவதற்கு வேறு கணக்கு. துக்கம் கேட்க வந்தவனுக்கு அந்தக் கணக்கு கிடையாது. இது சொல்லித்தராமலே நமக்குத் தெரியும். ஆனால் ஊர் மாறினால் சாவு வீடு எது, லஞ்ச் மேஜை எது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை.

நீங்கள் சொன்னதில் 'பொய்' என்ற சொல்லை அவர் பொறுத்திருப்பார். அதை அவரே சொல்கிறார். 'வீண்' என்ற சொல்தான் குத்தியிருக்கும். இது என் ஊகம் மட்டும் இல்லை. 2007 பிப்ரவரியில் அதிபர் வேட்பாளராக இறங்கிய கையோடு ஒபாமா, அமெரிக்க வீரர்களின் உயிர்கள் வீணாகிவிட்டன என்று ஒரு கூட்டத்தில் சொல்லிவிட்டார். போர் தொடங்கும் முன்பே, 2002-லேயே, சிகாகோவில் நின்று இது முட்டாள்தனமான போர் என்று பேசியவர் அவர். ஆனாலும் அந்த ஒரு சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டார். அதே மாதம், போரை முழுமூச்சாக ஆதரித்த ஜான் மெக்கெயினும் டி.வி. நிகழ்ச்சியில் அதே சொல்லைச் சொல்லி மாட்டிக்கொண்டார். வியட்நாமில் ஐந்து வருடத்துக்கு மேல் சிறையில் கிடந்தவர். அவரும் மறுநாள், 'தியாகம்' என்று சொல்லியிருக்க வேண்டும் என்று திருத்திக்கொண்டார். அவர்களுக்கே அப்படி என்றால் நாம் எம்மாத்திரம்.

இந்தச் சொல் பத்தியம் எனக்கு முழுதாகப் பிடிக்கிறது என்று சொல்ல மாட்டேன். செத்த ஈராக்கியர்களைப் பற்றி லஞ்ச் மேஜையில் ஒருவரும் இப்படிப் பார்த்துப் பார்த்துப் பேசி நான் கேட்டதில்லை. லட்சத்துக்கும் மேலே பொதுஜனம் செத்த போர் அது. வீரனைத் தொடாதே என்ற மரியாதையின் பின்னால் அனுப்பியவர்களும் ஒளிந்துகொள்கிறார்கள். போரைக் கேள்வி கேட்டால் பையன்களைக் கேவலப்படுத்துகிறாய் என்று 2003-ல் வாயை அடைத்தது இதை வைத்துத்தான். எல்லாம் சரி. ஆனால் அதை அந்த அம்மாவின் காரேஜில் வாதாட முடியாது. உங்கள் சீனியரின் சாப்பாட்டு டப்பாவுக்கு எதிரேயும் முடியாது.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ஈரத் துடைப்பான் இரண்டு பெரிய பாக்கெட் வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். "அடுத்த பெட்டிக்கு" என்றேன். உள்ளே கூப்பிட்டு காபி கொடுத்தார். அந்த விஷயத்தை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

பையன் திரும்பி வந்துவிட்டான். நட்சத்திரம் நீலமாகவே இருந்து, அப்புறம் ஜன்னலை விட்டு இறங்கியது. முதல் ஒரு வருடம் அவன் கார் ஓட்டுவதைப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும். ரோட்டோரம் குப்பை மூட்டை ஒன்று கிடந்தால் போதும், சட்டென்று லேன் மாறிவிடுவான். 2008 டிசம்பரில் பாக்தாத் பத்திரிகையாளர் கூட்டத்தில் ஒரு நிருபர் இரண்டு ஷூவையும் கழற்றி ஒவ்வொன்றாக புஷ் மேல் எறிந்தாரே, அந்தக் காட்சியை அவன் என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து நாலு தடவை திரும்பத் திரும்பப் பார்த்தான். நான் உஷாராக வாயைத் திறக்கவில்லை. "குனிஞ்சது பரவாயில்லை, நல்லாவே குனியறார்" என்றான் கடைசியில். சிரித்தானா என்று இன்னும் எனக்கு நிச்சயமில்லை. அந்த வருட அக்டோபரில் புஷ்ஷின் ஆதரவு 25 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. அந்த 90 பேரில் அறுபத்தைந்து பேர் இறங்கிப் போன வழி எது என்று தெரிய வேண்டுமானால் அந்த அம்மா மாதிரி ஒருவரைத்தான் கேட்க வேண்டும்.

இறந்துபோன லிமா கம்பெனி ஆட்களை இங்கே ஒரு ஓவியர் ஆளுயரத்துக்கு எட்டுப் பலகைகளில் வரைந்திருக்கிறார். 2008-ல் ஸ்டேட் ஹவுஸ் என்ற நம் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் முதலில் வைத்தார்கள், இப்போது ஊர் ஊராகப் போகிறது. ஒவ்வொருவர் முன்னாலும் அவரவர் பூட்ஸ். எங்காவது பக்கத்தில் வந்தால் போய்ப் பாருங்கள். இன்னொன்று, மே மாதம் வரும் மெமோரியல் டே இறந்தவர்களுக்கு, நவம்பர் 11 வெட்டரன்ஸ் டே இருப்பவர்களுக்கு. மே மாதத்தில் போய் உங்கள் சீனியருக்கு வாழ்த்துச் சொல்லிவிடாதீர்கள், நான் சொல்லியிருக்கிறேன்.

விசாவுக்கு வருவோம். அதிபரைத் திட்டியதற்காக அரசாங்கம் உங்களைத் தண்டிக்கக் கூடாது என்பதுதான் முதல் சட்டத் திருத்தம், இங்கே வாழும் வெளிநாட்டுக்காரனுக்கும் அது பொருந்தும். ஆனால் அது கட்டுவது அரசாங்கத்தை, உங்கள் கம்பெனியை அல்ல. ஓஹையோவில் காரணம் சொல்லாமலே வேலையை விட்டு அனுப்பலாம், அனுப்பினால் எச்1பிக்கு 60 நாள்தான் அவகாசம். 2025-ல் போராட்டங்களில் கலந்துகொண்ட மாணவர்களின் விசாக்களை ரத்து செய்ததைப் பார்த்திருப்பீர்கள். அந்த டிசம்பரிலிருந்து எச்1பி விண்ணப்பக்காரர்களும் சமூக ஊடகக் கணக்குகளைத் திறந்து வைக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. சட்டம் ஒன்று, நடைமுறை ஒன்று. மேஜையில் பேசுவதற்குப் பயப்பட வேண்டாம், விசா ஸ்டாம்பிங்குக்கு முன்னால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுதிப் போடுவதற்குக் கொஞ்சம் பயப்படுங்கள். சந்தேகம் இருந்தால் வக்கீலைக் கேளுங்கள், என்னை அல்ல.

சீனியரிடம் திங்கட்கிழமை காபி மெஷின் பக்கத்தில் தனியாக இருக்கும்போது, "அன்றைக்கு நான் சொன்ன சொல் தப்பு, நீங்கள் அங்கே இருந்தது எனக்குத் தெரியாது" என்று மட்டும் சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம். அவர் ஈராக்கைப் பற்றிப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். பேசாவிட்டால் ஓஹையோ ஸ்டேட் ஃபுட்பால் ஆட்டத்தைப் பற்றி ஏதாவது கேளுங்கள். அவர்களுடைய பரம வைரியான மிச்சிகன் அணியும் நன்றாகத்தான் ஆடுகிறது என்று மட்டும் சொல்லிவைக்காதீர்கள், அதற்கு என்னிடம் யோசனை இல்லை.