ஏழு பில்லுக்கும் சேர்த்து ஒரே கடிதம்

கேள்வி: ஈரோட்டில் மொத்த ஜவுளிக் கடையில் கணக்கு பார்க்கிறேன். மார்ச் 31 வரை எந்தெந்த பில் பாக்கி என்று கடைகளுக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். எக்செலில் பில்லுக்கு ஒரு வரி இருக்கிறது. வேர்டில் மெயில் மெர்ஜ் போட்டால் ஏழு பில் உள்ள கடைக்கு ஏழு கடிதம் வருகிறது. என்ன செய்வது?

பதில்: மெயில் மெர்ஜ் ஒரு வரியை ஒரு கடிதமாகத்தான் எடுத்துக்கொள்ளும். வேர்டிலேயே ஃபீல்டுக்குள் ஃபீல்டு செருகிச் சமாளிக்கலாம்தான். ஓர் அடைப்புக்குறி தவறினாலும் எல்லாம் குலைந்துவிடும். எக்செலிலேயே கடைக்கு ஒரு வரியாகச் சுருக்கிவிடுவதுதான் நல்லது.

புது ஷீட்டில், முதல் வரியில் தலைப்புகள். அதன் கீழே யுனீக் ஃபார்முலாவால் கடைகளின் கோடு (ஒவ்வொரு கடைக்கும் கொடுத்திருக்கும் குறியீடு) மட்டும். பெயரை நம்பாதீர்கள், பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் கூடுதலாக இருந்தாலே எக்செலுக்கு அது வேறு கடை. பக்கத்துக் கட்டத்தில், ஃபில்டர் அந்தக் கடையின் பில் எண்களை எடுக்கட்டும், டெக்ஸ்ட்ஜாயின் அவற்றைச் சேர்க்கட்டும். இடையில் கமாவுக்குப் பதில் CHAR(10) கொடுத்தால் ஒவ்வொன்றும் தனி வரியில் இறங்கும். தேதிக்கும் தொகைக்கும் இதே மாதிரி தனித்தனிக் கட்டம். மொத்தத்துக்கு சம்இஃப்.

தேதியை அப்படியே சேர்த்தால் 12-03-2025 என்பது 45728 என்று வந்து நிற்கும். டெக்ஸ்ட் ஃபார்முலாவால் வடிவம் கொடுத்த பிறகே சேருங்கள். தொகைக்கும் அதுவே.

அப்புறம் வேர்டில் மூன்று கட்டம் கொண்ட ஒற்றை வரி டேபிள் போட்டு, பில் எண், தேதி, தொகை ஃபீல்டுகளைக் கட்டத்துக்கு ஒன்றாக வையுங்கள். ஏழு பில்லும் ஒன்றுக்கொன்று நேராக இறங்கும், பார்க்க அசல் பட்டியல்தான். கட்டம் குறுகலாக இருந்து ஒரு பில் எண் மடங்கினால் மட்டும் வரிசை பிசகும்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. எக்செலிலிருந்து எடுக்கும்போது வேர்டு முதல் 8 வரிகளைப் பார்த்தே ஒவ்வொரு நெடுவரிசையிலும் என்ன இருக்கிறது என்று முடிவு செய்துகொள்ளும். அவற்றில் நீளமானது எதுவும் இல்லையென்றால், கீழே வருவதை 255 எழுத்தோடு வெட்டிவிடலாம். தேதிக்கு 10 எழுத்து, வரி மாற ஒன்று. 24 பில் ஆனதுமே 255 தாண்டிவிடும். அதிக பில் உள்ள கடை மேலே வரும்படி வரிசைப்படுத்திவிடுங்கள்.

டெக்ஸ்ட்ஜாயின் எக்செல் 2019 முதல்தான்; ஃபில்டரும் யுனீக்கும் 2021இலும் 365இலும் உண்டு. பழைய எக்செலா? சரி, கோடுப்படி அடுக்கி, ஒரு கூடுதல் கட்டத்தில் இஃப் போடுங்கள்: மேல் வரியும் அதே கடை என்றால் மேலே சேர்ந்ததோடு இந்த பில்லையும் ஒட்டு, இல்லையென்றால் இந்த பில் மட்டும். ஒவ்வொரு கடையின் கடைசி வரியில் முழுப் பட்டியல் இருக்கும். அந்த வரிகளுக்கு மட்டும் ஓர் அடையாளம் போட்டு, வேர்டில் அதை வைத்து வடிகட்டினால் போதும்.

மெர்ஜுக்கு முன் எக்செல் ஃபைலைச் சேமித்து மூடிவிடுங்கள். கடிதங்களின் எண்ணிக்கையும் கடைகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு பிரிண்ட் கொடுங்கள்.